நிலமூடு செடிகள்: வீட்டுத் தோட்டத்திற்கு உகந்தவையும் வேலியைத் தாண்டக் கூடாதவையும்

லில்லெஸ்ட்ரோமில் வீட்டோடு ஒரு துண்டு நிலம் உடையவர்கள் இளவேனில் தோறும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. புல் வளர மறுக்கும் இடத்தில் எதனை வளர்ப்பது? மரநிழல், வடக்குச் சுவரின் ஓரம், புல்வெட்டும் இயந்திரம் ஏற முடியாத சரிவு, தபாற்பெட்டியின் அருகேயுள்ள கற்பாங்கான மூலை ஆகியன அத்தகைய இடங்களாகும். இவற்றுக்கெனத் தோட்டக் கடைகள் விற்கும் செடிகளை நோர்வேஜிய மொழியில் ‘புன்டெக்கெபிளாந்தெர்’ என்பர். மண்ணை ஒட்டித் தாழ்வாகப் படர்ந்து, அதனை ஆண்டு முழுவதும் மூடி நிற்கும் பல்லாண்டுச் செடிகள் இவை. இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் ‘மூடுபயிர்’ வளர்ப்பதைக் கண்டவர்களுக்கு இதன் பயன் புதிதன்று. இக்கட்டுரையில் இவற்றை நிலமூடு செடிகள் என வழங்குகிறோம்.

இச்செடிகளைத் தெரிவு செய்கையில் நினைவிற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மிக விரைவாக நிலத்தை மூடும் செடியே மிக எளிதாக வேலியைத் தாண்டும் செடியுமாகும். வேலிக்கு அப்பால் அது செய்யும் கேட்டுக்கு நட்டவரும் பொறுப்புடையவர் என்பது நோர்வேயின் சட்டம்.

வெறும் மண்ணை ஏன் மூட வேண்டும்?

ஊரில் கூட்டிப் பெருக்கி நீர் தெளித்த வெறும் மண் முற்றமே வீட்டுக்கு இலட்சணம். முற்றத்திற் செடி படர்ந்தால் பாம்பும் பூச்சியும் அண்டும் என்று முதியோர் எச்சரிப்பர். அந்த வழக்கம் அந்த மண்ணுக்கும் அந்த வெயிலுக்கும் பொருந்தியது. இங்கோ நிலைமை வேறு.

ரோமெரிக்கெப் பிரதேசத்தின் பெரும்பகுதி பனியுக முடிவிற் கடலடியாக இருந்தது. அப்போது படிந்த கடற்களியே இன்று ஷெட்ஸ்மோ, ஃபேத், சோரும் பகுதிகளிற் பல வீட்டுத் தோட்டங்களின் அடிமண். களிமண் சத்து நிறைந்தது. ஆயினும் மூடப்படாது கிடந்தால் மழையில் இறுகி, வெயிலில் வெடித்து, சரிவுகளிற் கரைந்து ஓடும். நீத்எல்வா, லெய்ரா, குளொம்மா ஆகிய மூன்று ஆறுகளும் ஓயெரென் ஏரியை நாடும் இக்கொம்யூனில், தோட்டத்திற் கரையும் மண் ஓடைகள் வழியே ஆற்றைச் சென்றடைகின்றது.

மேலும், வெறும் மண் நெடுநாள் வெறுமையாக இராது. நாம் ஒன்றை நடாவிடின், ‘ஸ்க்வாலெர்கோல்’, ‘க்வேக’ போன்ற களைகள் இடத்தைப் பிடிக்கும். நிலமூடு செடிகள் களைக்கு வெளிச்சத்தை மறுத்து, மண்ணின் ஈரத்தைக் காத்து, வேர்களால் மேல்மண்ணைப் பிணைக்கின்றன. பூக்கும் இனங்களாயின் தேனீக்களுக்கும் உணவாகும்.

விரைந்து படரும் செடியின் மறுபக்கம்

நோர்வேயில் மிகப் பரவலாக நடப்பட்டுவந்த நிலமூடு செடிகளில் இரண்டு, ‘கிராவ்பெர்க்னாப்’, ‘கிராவ்மீர்ட்’ என்பன. இரு பெயர்களிலும் முன்னிற்கும் ‘கிராவ்’ என்ற சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். கவனிப்பார் இல்லாத கல்லறைகளிலும் தானே படர்ந்து பசுமையாக நிற்கும் என்பதால் இவை சேமக்காலைகளில் நடப்பட்டன. கவனிப்பார் இன்றியே வாழும் அந்த ஆற்றல்தான் இன்று சிக்கலாகியுள்ளது. தடித்த சிறு இலைகளும் இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்ட கிராவ்பெர்க்னாப்பின் தண்டிலிருந்து முறிந்து விழும் துண்டு ஒன்றே புதுச் செடியாகும். பளபளக்கும் பச்சை இலையும் நீலப் பூவும் கொண்ட கிராவ்மீர்ட், காட்டோரம் கொட்டப்பட்ட தோட்டக் கழிவிலிருந்து ஓடுதண்டு விட்டுக் காட்டின் தரையை மூடிவிடும். வெள்ளி நிற இலையுடைய ‘ஃபில்ட்டார்வெ’ என்பதும் இவ்வகையினதே.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? அயலிலுள்ள ஒஸ்லோ குடாவின் கரையோரத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணக் கற்பாறை மீது மெல்லிய மண் படிந்த திறந்த வெளிகள் உள்ளன. ‘ட்ராகெஹோதெ’ எனப்படும் நீலப் பூச்செடி போன்ற அரிய இனங்கள் வாழும் இடம் அது. இச்செடி 2011 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தினாற் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றது. தோட்டங்களிலிருந்து தப்பிய கிராவ்பெர்க்னாப் அதே மெல்லிய மண்ணிற் பாயாக விரிந்து அரிய செடிகளின் இடத்தைக் கவர்கின்றது. எமது கொம்யூனிலோ நூர்த்ரெ ஓயெரென் இயற்கைக் காப்பகம் உள்ளது. 1975 இற் காக்கப்பட்ட இந்த ஆற்றுக் கழிமுகம், புலம்பெயர் பறவைகள் தங்கிச் செல்லும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகும். ஆற்றங்கரையிற் கொட்டப்படும் தோட்டக் கழிவை வெள்ளம் அங்கே கொண்டு சேர்க்கக்கூடும்.

இது நோர்வேக்கு மட்டும் உரிய கவலை அன்று. அழகுக்கென 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை, சில ஆண்டுகளிலேயே நீர்நிலைகளை அடைத்தது. அதனைக் கட்டுப்படுத்தவென்றே 1909 இல் ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் செடி ஒழிந்தபாடில்லை. ஒரு செடியைப் பரவவிடுவது எளிது; மீளப் பிடிப்பது சட்டத்தாலும் அரிது என்பதற்கு அதுவே சான்று.

சட்டம் கூறுவது என்ன?

நோர்வேயில் இவ்விடயத்தின் அடிப்படை, 2009 ஆம் ஆண்டின் இயற்கைப் பன்முகத்தன்மைச் சட்டமாகும். அதன் 28 ஆம் பிரிவு, உயிருள்ள எதனையும் சுற்றாடலில் விடுபவர் அவதானத்துடன் நடந்து, இயற்கைக்குத் தீய விளைவு நேராதபடி தம்மால் இயன்றவரை தடுக்க வேண்டும் எனக் கூறுகின்றது. நோர்வேஜிய மொழியில் இதனை ‘அக்ட்சொம்ஹெத்’ என்பர். தமிழில் ‘கவனக் கடமை’ எனலாம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடியை நடுவதும் சட்டத்தின் பார்வையிற் சுற்றாடலில் விடுதலே.

இதன் கீழ் ஆக்கப்பட்ட அயல் உயிரினங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2016 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. நடைமுறையில் மூன்று விடயங்களை அறிந்திருத்தல் போதுமானது.

முதலாவது, சில செடிகளை விற்றலும் நடுதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. தெருவோரங்களில் நீல நிறத்தில் நெடிது பூக்கும் ‘ஹாகெலுபீன்’, கடற்கரை ரோசா எனத் தோன்றும் ‘ரிங்கெரூசெ’, ‘பார்க்ஸ்லீரெக்னெ’ முதலியன அவற்றுட் சில. அழகாக உள்ளதே என்று தெருவோரத்திலிருந்து விதை சேகரித்து வந்து தூவுதல் ஆகாது.

இரண்டாவது, தடைப்பட்டியலில் இல்லாத அலங்காரச் செடிகளை வீட்டுத் தோட்டத்தில் நடுவதற்கு அனுமதி பெற வேண்டியதில்லை. ஆயினும் அச்செடி தோட்டத்துக்கு வெளியே பரவும் என எதிர்பார்க்க இடமிருத்தல் கூடாது. இது சுதந்திரமும் நிபந்தனையும் ஒருங்கே கொண்ட ஏற்பாடு. ‘கடையில் விற்றார்கள், அதனால் வாங்கினேன்’ என்பது எப்போதும் போதிய விடையாகாது.

மூன்றாவது, எச்செடி பரவக்கூடியது என்பதைத் தாமே ஊகிக்க வேண்டியதில்லை. ‘ஆர்ட்ஸ்டாட்டாபாங்கன்’ என்னும் அரச நிறுவனம், அயல் இனங்களின் பட்டியலை 2012, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டுள்ளது. ஒவ்வோர் இனமும் இயற்கைக்கு விளைக்கும் இடர், ‘அறியப்பட்ட இடரில்லை’ என்பது முதல் ‘மிக உயர்ந்த இடர்’ என்பது வரை ஐந்து படிகளில் மதிப்பிடப்பட்டுள்ளது. ‘ஃப்ரெம்மெட்ஆர்ட்ஸ்லிஸ்தா’ எனத் தேடி, செடியின் பெயரை இட்டால் விடை கிடைக்கும். இப்பட்டியல் ஓர் அறிவியல் மதிப்பீடு, தடைப்பட்டியல் அன்று. எனினும் உயர்ந்த இடர் எனக் குறிக்கப்பட்ட செடியை அறிந்தே நடுபவர், கவனக் கடமையை நிறைவேற்றினார் எனக் கூறுதல் கடினம்.

அயலவர் உறவைப் பொறுத்தவரை 1961 ஆம் ஆண்டின் அயலவர் சட்டமும் உண்டு. நியாயமற்ற முறையில் அயலவரின் நிலத்துக்குத் தீங்கோ தொல்லையோ விளைக்கும் எதனையும் வைத்திருத்தல் கூடாது என்பது அதன் சாரம். செடி வேலியைக் கடக்கக் கண்டால், சட்டம் பேசுவதற்கு முன் அயலவரோடு நாம் பேசுதல் நன்று.

எவ்விடத்துக்கு எச்செடி?

நோர்வேயின் இயற்கைக்கே உரிய செடிகளைத் தெரிவு செய்தல் பாதுகாப்பான வழி. தோட்டக் கடையிற் கேட்டு வாங்க உதவும் பொருட்டு அவற்றின் நோர்வேஜியப் பெயர்களைத் தருகிறோம்.

• வெயிலும் வறட்சியும் உள்ள கற்பாங்கான இடம்: ‘பித்தெர்பெர்க்னாப்’ அல்லது ‘வீட்பெர்க்னாப்’. கிராவ்பெர்க்னாப்பின் தாவர உறவினராயினும் இவ்விரண்டும் இந்நாட்டுக்குரியவை. முன்னதன் பூ மஞ்சள், பின்னதன் பூ வெள்ளை. பெயர்கள் ஒலியில் ஒத்திருப்பதாற் சீட்டை வாசித்து வாங்குக.

• வெயிலும் அரைநிழலும் கலந்த இடம்: ‘மார்க்யூர்பார்’ எனப்படும் காட்டு ஸ்ரோபெரி. ஓடுதண்டுகளால் விரைவாகப் படரும். வெண்பூவும் உண்ணத்தகுந்த சிறு பழமும் தரும். சிறுவர் உள்ள வீடுகளுக்கு மிக உகந்தது.

• புற்றரைக்குப் பதிலாக: ‘வீட்குளோவர்’ எனும் வெண்பூத் தீவனப்புல். காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளிற் சேர்ப்பதால் உரம் வேண்டியதில்லை. பூக்கும் காலத்தில் தேனீக்கள் மிகுதியாக வரும். வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவும்.

• இலையுதிர் மரங்களின் நிழல்: ‘மிஸ்கெ’ என்பது நட்சத்திரம் போல் இலை விரித்து, மே, யூன் மாதங்களில் வெண்ணிறமாகப் பூப்பது. ‘புளோவைஸ்’ என்பது இளவேனிலின் முதல் நீலப் பூ. இது மெதுவாகவே வளரும். ஆனால் நெடுநாள் வாழும்.

• ஊசியிலை மரங்களின் கீழுள்ள அமில மண்: ‘தித்தெபார்’. குளிர்காலத்திலும் இலை உதிராது. செந்நிறப் பழம் உண்ணலாம்.

நிழலுக்குப் பலரும் விரும்பி நடும் ‘லில்யெகொன்வால்’ பற்றி ஓர் எச்சரிக்கை. இதுவும் இந்நாட்டுச் செடிதான், நறுமணம் மிக்கது, ஆனால் இலை, பூ, சிவந்த பழம் அனைத்தும் நச்சுத்தன்மை உடையவை. வெட்டிய பூக்களை வைத்த நீரும் நஞ்சாகும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை நடாதிருத்தல் நலம். பிள்ளை எச்செடியையேனும் உண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால், இரவுபகலாக இயங்கும் நச்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற எண்ணில் அழைக்கவும். மூச்சுத் திணறலோ மயக்கமோ காணப்பட்டால் உடனே 113 ஐ அழைக்கவும்.

வாங்கும்போது சீட்டிலுள்ள குளிர்தாங்கும் வலய எண்ணையும் பார்க்கவும். நோர்வே எச்1 முதல் எச்8 வரை வகுக்கப்பட்டுள்ளது. எண் கூடக் குளிர் கடுமையாகும். எச்5 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணிட்ட செடியாயின் எமது கொம்யூனிற் குளிர்காலம் தாங்கும் என நம்பலாம். காட்டிலிருந்து செடிகளைப் பெயர்த்து வருவதைத் தவிர்க்கவும். இயற்கைக் காப்பகங்களில் அது குற்றமுமாகும்.

நடும் முறை

1. காலம். மே மாத நடுப்பகுதி முதல் யூன் வரை நடுதல் சிறந்தது. பின்னதாயின் ஓகஸ்ட் முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை நடலாம். அதற்குப் பின் நட்டால், நிலம் உறையுமுன் வேர் ஊன்றாது. உறைந்து இளகும் மண் கன்றை மேலே தள்ளிவிடும்.

2. களை நீக்கம். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் படி இதுவே. ஸ்க்வாலெர்கோல், க்வேக ஆகியவற்றின் வேர்த்துண்டு ஒன்று எஞ்சினாலும், அது புதுச் செடிகளின் ஊடே முளைக்கும். பின் பிரித்தெடுக்க இயலாது. களை மிகுந்த இடமாயின், ஒளி புகாத தடித்த விரிப்பால் ஒரு வளர்பருவம் முழுவதும் மூடி வைத்து, அடுத்த ஆண்டு நடுவதே சிக்கனமான வழி.

3. மண் பண்படுத்தல். களிமண் ஈரமாக இருக்கையிற் கொத்தவோ மிதிக்கவோ கூடாது, இறுகிப் பாறையாகும். கையிற் பிடித்து அழுத்தினால் உதிரும் பக்குவத்தில், 3 முதல் 5 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கூட்டெருவைப் பரப்பி, மேலுள்ள 15 சென்ரிமீற்றர் மண்ணோடு கலக்கவும். பெரிய மரங்களின் கீழாயின் கொத்தாது, வேர்களுக்கு இடையிற் சிறு குழிகள் மட்டும் எடுக்கவும்.

4. எண்ணிக்கை. சதுர மீற்றருக்கு 6 முதல் 9 கன்றுகள் வேண்டும். சான்றாக, 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் கொண்ட பாத்தி 6 சதுர மீற்றர். அதற்கு 8 வீதம் 48 கன்றுகள். செலவு மிகுதியெனத் தோன்றினால் பாதிப் பாத்தியை மட்டும் நெருக்கமாக நட்டு, அடுத்த ஆண்டு அதிலிருந்து பிரித்து மறுபாதியை நடலாம். பாத்தி முழுவதும் ஐதாக நடுவது களைக்கு இடம் கொடுப்பதாகும்.

5. நடுதல். வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, முக்கோண அமைப்பில் அமைக்கவும். தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, சுற்றிலும் அழுத்தி, நிறைய நீர் ஊற்றவும். இடைவெளிகளில் 5 சென்ரிமீற்றர் தடிப்புக்கு மரப்பட்டைத் தூளோ உலர்ந்த இலையோ பரப்பலாம். ஊரில் மூடாக்கு இட்ட முறையே இது.

6. பராமரிப்பு. முதற் கோடையில் மழையில்லா வாரங்களில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடவும். வறட்சிக் காலத்திற் கொம்யூன் நீர்ப்பாசனக் கட்டுப்பாடு அறிவித்துள்ளதா எனப் பார்த்துக்கொள்ளவும். முதல் இரண்டு ஆண்டுகள் களை எடுத்தல் தவிர்க்க முடியாதது. மூன்றாம் ஆண்டில் வேலை பெரிதும் குறையும்.

கன்று பரிமாறுதல்

அயல் வீட்டுக்கு ஒரு கன்று பிடுங்கிக் கொடுத்து, அவர்கள் வீட்டுக் கன்றொன்றைப் பெற்று வருதல் எம்மவரின் நல்வழக்கம். அதனைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு விடயங்களைக் கவனித்தாற் போதும். ஒன்று, கொடுக்கும் செடியின் பெயரை அறிந்து கொடுங்கள். பெயர் தெரியாத, ‘நன்றாகப் படரும்’ செடியே பெரும்பாலும் வில்லங்கமானது. மற்றொன்று, 1988 இல் நோர்வேயில் முதன்முதலிற் பதிவான ‘பிரூன்ஸ்கூக்ஸ்னைல்’ எனும் ஓடில்லா நத்தை, முட்டைகளாகத் தொட்டி மண்ணிற் பயணம் செய்கின்றது. முத்துப் போன்ற வெண்ணிற முட்டைக் கொத்துகள் உள்ளனவா எனப் பார்த்து, இயலுமாயின் வேரைக் கழுவிய பின் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேருள்ள கன்றுகளைப் பயணப் பொதியிற் கொண்டுவருவதாயின், முன்னதாக உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையான ‘மாத்தில்சீனெ’யிடம் விதிகளைக் கேட்டறிக.

ஏற்கெனவே இடருள்ள செடி இருப்பின்

வாங்கிய வீட்டின் தோட்டத்தில் கிராவ்பெர்க்னாப்போ கிராவ்மீர்ட்டோ இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முன்னரே வளர்ந்து நிற்கும் செடியை உடனே அகற்றுமாறு பொதுவான கட்டளை எதுவும் இல்லை. அது பரவாமற் பார்த்துக்கொள்வதே உங்கள் கடமை. அகற்ற விரும்பினால், வேரோடும் முறிந்த துண்டுகளோடும் கைகளால் திரட்டி எடுத்து, பின் ஒளி புகா விரிப்பால் மூடி, அடுத்த ஆண்டும் கண்காணிக்கவும்.

எடுத்த செடிகளை வீட்டுக் கூட்டெருவில் இடக்கூடாது. அங்கும் அவை வளரும். காட்டோரத்திலோ ஓடையிலோ ஆற்றங்கரையிலோ கொட்டுவது கவனக் கடமையை மீறுவதோடு, சூழலில் குப்பை இடுதல் என்ற வகையிலும் சட்டவிரோதமாகும். பைகளில் இறுகக் கட்டி, எமது கொம்யூனின் கழிவு நிறுவனமான ரோஆஃபின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டு சென்று, ‘இவை அயல் இனச் செடிகள்’ எனப் பணியாளரிடம் கூறுங்கள். எங்கே இடவேண்டும் என அவர்கள் காட்டுவார்கள். வழக்கமான தோட்டக் கழிவோடு கலக்க வேண்டாம்.

சரிவு நிலங்களில் வாழ்வோர் கவனத்திற்கு

2020 திசெம்பர் 30 அன்று அயற் கொம்யூனான யெர்த்ரூமில் நேர்ந்த நிலச்சரிவை எவரும் மறந்திருக்க மாட்டோம். ஓடையொன்றின் அரிப்பு அதற்குக் காரணமாக இருந்ததை அரசு அமைத்த குழு கண்டறிந்தது. எமது பகுதியிலும் இடைக்கிடை இளகுகளி எனப்படும் ‘க்விக்லெய்ரெ’ உள்ளது. நிலமூடு செடிகள் மேல்மண் கரைவதைத் தடுக்கும். ஆழத்திலுள்ள இளகுகளி சரிவதைத் தடுக்க மாட்டா. ஆகவே, சரிவில் வாழ்வோர் செடி நடுவதற்கெனப் படிகளாக வெட்டுதல், அடிவாரத்தில் தோண்டுதல், மேல் விளிம்பில் மண்ணோ தோட்டக் கழிவோ குவித்தல் ஆகியவற்றைச் செய்யுமுன் கொம்யூனிடம் கேட்க வேண்டும். இளகுகளி வலயங்களின் வரைபடத்தை நீர்வள, எரிசக்தி இயக்குநரகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது.

நடுமுன் கேட்க வேண்டியவர்கள்

கூட்டுக் குடியிருப்பில் (‘பொரெத்ஸ்லாக்’) வாழ்வோர், வாசலுக்கு முன்னுள்ள நிலமும் பொதுவுடைமையாக இருக்கலாம் என்பதை மறக்கலாகாது. நிர்வாகக் குழுவின் இசைவை எழுத்திற் பெறுக. வாடகை வீட்டில் வாழ்வோர் உரிமையாளரைக் கேட்டறிக. செடி பற்றியோ, சரிவு பற்றியோ, கழிவு பற்றியோ ஐயம் எழுமாயின் கொம்யூனின் சேவை மையத்தை நாடலாம். வழிகாட்டுதல் பொது நிர்வாகத்தின் கடமை. கேட்டல் உங்கள் உரிமை. செடியின் ஒளிப்படம் ஒன்றை உடன் கொண்டு வந்தால், மொழி தடையாக இராது.

ஒரு பாத்தி நிலத்துக்கு இத்தனை விதிகளா என எண்ணத் தோன்றலாம். இவற்றின் சாரம் மூன்றே வரிகள்: பெயர் தெரிந்த செடியை நடுக, வேலியோரத்தை ஆண்டுக்கு இருமுறை சுற்றிப் பார்க்க, களைந்ததைக் கண்ட இடத்திற் கொட்டாதிருக்க. இவற்றைக் கைக்கொள்பவரின் தோட்டம் அயலவருக்கும் ஆற்றுக்கும் இடர் தராது பசுமையாக நிற்கும்.